டிமினிஷ்டு புரிந்துவிட்டவர்

கிட்டார் வாசிப்பவர்களுக்குள் ஒரு தனி இனம் உண்டு. டிமினிஷ்டு புரிந்துவிட்டவர்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று எழுதவில்லை, கவனியுங்கள். புரிந்துவிட்டவர்கள்.

அடையாளம் காண்பது எளிது. மடியில் கிட்டார் இருக்கும், விரல்கள் தந்தி மேல் தயாராக இருக்கும், வாய் மட்டும் ஓயாது. "ஒரு பாட்டு வாசிங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்" என்பார். அந்தச் சின்ன விஷயம் முடிந்து பாட்டு தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை.

டிமினிஷ்டு என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? மெதுவாகக் கேளுங்கள், அவர் காதில் விழுந்துவிடப் போகிறது. சினிமாவில் கதாநாயகி விளக்கில்லாத மாடிப்படியில் ஏறும்போது வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, நாலு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கிற அந்தக் கார்டுதான். ஜாஸ் வாசிப்பவர்கள் ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்குப் போவதற்கு இதை நடைபாதையாக வைத்திருக்கிறார்கள். கால் வைத்ததும் கடந்துவிட வேண்டும். நம்மவர் அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடுவார்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைப் பார்ப்போம். கண் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். தொழிலில் கெட்டிக்காரர், கை சுத்தம், ஒரு குறை சொல்ல முடியாது. வந்தவர்களின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும்வரை இருட்டறையில் உட்கார வைப்பார். வாசல் எது, சுவர் எது என்று தெரியாமல் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இதைவிட நல்ல சபை யாருக்கு வாய்க்கும்?

"உலகத்துல மொத்தம் எத்தனை டிமினிஷ்டு கார்டு இருக்கு, சொல்லுங்க பாப்போம்?"

"எனக்குக் கண்ணு எரியுதுங்க."

"மூணு! மூணே மூணு! ஒண்ணைப் புடிச்சு அப்படியே மூணு ஃப்ரெட் மேல தள்ளுங்க. அதே கார்டு! இன்னும் மூணு தள்ளுங்க. மறுபடியும் அதே! உள்ள இருக்கற நாலு ஸ்வரமும் சம தூரத்துல உக்காந்திருக்கு. எது தலைவர்னே சொல்ல முடியாது!"

"எங்க ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க."

ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி. ஆபீஸ் என்பது உங்களுக்கே தெரியும்.

கார்டோடு விட்டாரா? அதற்கென்று ஒரு ஸ்கேலும், அதாவது ஸ்வர வரிசையும், இருக்கிறது. ஒரு முழுப்படி, ஒரு அரைப்படி, மறுபடியும் முழு, மறுபடியும் அரை என்று ஏறிக்கொண்டே போகும். அது உடம்பில் ஊற வேண்டும் என்று வீட்டு மாடிப்படியில் ஓர் எட்டு பெரிதாகவும் ஓர் எட்டு சின்னதாகவும் வைத்து ஏறுவார். "விருந்தாளிங்க வந்திருக்காங்க. இன்னைக்காவது மனுஷன் மாதிரி ஏறுங்க" என்பாள் மனைவி.

இவ்வளவு இருந்தும், மனிதர் ஒரு நாள்கூட இன்னொருவரோடு சேர்ந்து வாசித்ததில்லை. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். வாசித்து முடித்தால் கைதட்ட அங்கே துணி அலமாரி மட்டும்தான் இருக்கும். சனிக்கிழமை மாலைகளில் ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் ஒரு சிறிய குழு வாசிக்கும். இவர் உள்ளே போகாமல், நடைபாதையில் நின்று ஓட்டலின் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். நாலு பேர் தலையை ஒன்றாக ஆட்டுவார்கள். நம்மவர் தலையும் வெளியே நின்றபடி ஆடும். பிறகு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வேண்டும் என்பது அவர் யாரிடமும் விளக்கிச் சொல்லாத ஒரே விஷயம்.

அந்தக் குழுவின் கிட்டார்காரர் வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போனார். பாடுகிறவள் நம்மவருக்கு மச்சினி, மனைவியின் தங்கை. அவள் சொல்லி வைத்தாள். குழுவின் தலைவர் சலவைக்கடை நடத்துபவர், பேஸ் கிட்டார் வாசிப்பவர், வார்த்தைகளை எண்ணிச் செலவழிப்பவர். நம்மவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்து சொன்னார்.

"சனிக்கிழமை வாங்க சார். சரியா வந்தா நாற்காலி உங்களுக்கு. வரலேன்னா வேற ஆளு பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

கொடுத்த பாட்டில் டிமினிஷ்டு ஒரே ஓர் இடத்தில் வந்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாரம் முழுக்க அந்த இடத்தையே அலசினார்.

"பாட்டுல அது எவ்வளவு நேரம் வருது?" என்றாள் மனைவி.

"தாளத்துல ரெண்டு தட்டு."

"மிச்சப் பாட்டு?"

"அதெல்லாம் சுலபம்."

"அந்தச் சுலபத்தை ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன், கேப்போம்."

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்" என்றார். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வந்தது. வேடிக்கை என்னவென்றால், மனிதர் நன்றாகவே வாசித்தார். சுலபமான கார்டுகளைச் சுலபமாகப் போட்டார். மச்சினி கண்ணை மூடிப் பாடினாள். சலவைக்கடைக்காரரின் தலை ஆடியது, இவர் தலையும் ஆடியது, இந்த முறை கண்ணாடிக்கு உள்ளே. இப்படி ஒரு சந்தோஷம் இருப்பதாக எந்தப் பாடப் புத்தகத்திலும் அவர் படித்திருக்கவில்லை.

அந்த இடம் நெருங்கியது. வழக்கமாக வைக்கிற இடத்தில் விரலை வைத்து, அடுத்த ஃப்ரெட்டுக்குப் போனால் வேலை முடிந்தது. கத்துக்குட்டி அதைத்தான் செய்வான். புரிந்தவர் செய்வாரா? மூன்று ஃப்ரெட் மேலே போனாலும் அதே கார்டுதானே! போனார். போட்டார். அருமையாக ஒலித்தது. இனி அடுத்த ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். எதற்கு அடுத்தது? முதலில் கிளம்பிய இடத்துக்கு அடுத்தது. நம்மவர், தான் நின்ற இடத்துக்கு அடுத்ததில் இறங்கினார்.

சாஸ்திரப்படி தப்பே இல்லை. டிமினிஷ்டுக்கு நாலு வாசல், இதுவும் ஒன்று. என்ன, இது வேறு யாருடைய பாட்டுக்கோ போகிற வாசல்.

வேறு யாராக இருந்தாலும் கையை எடுத்திருப்பார்கள். இவருக்குத்தான் பரிகாரம் தெரியுமே! இன்னும் மூன்று ஃப்ரெட் தள்ளி அடுத்த வாசலில் இறங்கினார். அதுவும் வேறு வீடு. இன்னும் மூன்று. அதுவும். சூப் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார். நாலாவது வாசலில்தான் சொந்த வீடு கிடைத்தது. அதுவரை மச்சினி ஒரே எழுத்தைப் பிடித்து மூச்சு முட்ட இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூச்சு நீளத்தை மெச்சி எல்லோரும் கைதட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்து, சமையலறைப் பக்கத்துத் தாழ்வாரத்தில் காலிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றார்கள்.

"அத்தான், நான் ஒரே எழுத்தைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறேன். நீங்க தெருவுல இருக்கற ஒவ்வொரு கதவாத் தட்டிட்டு வர்றீங்க!"

"நாலுமே சரியான கதவுதாம்மா. எப்படின்னா..."

"நம்ம வீடு எதுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

சலவைக்கடைக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம்மவர் அவரையே பார்த்தார். "அப்போ... அடுத்த வாரம்?" என்றார். வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மத்ததெல்லாம் நல்லா வாசிச்சீங்க. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு." அவர் துண்டை மடித்தார். "வாங்க. ஆனா ஒரு கண்டிஷன். அந்த இடம் வர்றப்ப தந்தியிலேருந்து கையை எடுத்துருங்க. ரெண்டே தட்டு. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க" என்றார் நம்மவர்.

நாற்காலி கிடைத்துவிட்டது. இன்றும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்குகிறார், இரண்டு தட்டு கழிந்ததும் இறக்குகிறார், எல்லோரோடும் தலையை ஆட்டுகிறார். ஆள் குணமாகிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன வாரம் பேருந்தில் ஜன்னலோரம் மாட்டிக்கொண்ட ஒருவரிடம் அவர் பேசியது இது: "டிமினிஷ்டு முழுசாப் புரிஞ்சவன் அதை வாசிக்கவே மாட்டான், தெரியுமா? வாசிக்காம விடறதுல ஒரு நுட்பம் இருக்கு. சொல்றேன் கேளுங்க." அந்த ஆள் இறங்க வேண்டிய நிறுத்தம் அப்போதே தாண்டியிருந்தது.

சிரியுங்கள். உங்களுக்குக் கிட்டாரைப் பிடிக்கவே தெரியாது, ஆகையால் இந்த இனத்தில் நீங்கள் சேர்த்தியில்லை என்று நிம்மதியும் படுங்கள். ஆனால் உலகத்தில் மொத்தமே மூன்று டிமினிஷ்டு கார்டுகள்தான் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். பக்கத்து அறையில் ஒருவர் தன் பாட்டுக்கு ஏதோ வேலையாக இருக்கிறார். அவரைக் கூப்பிடுவதற்கு வாயைத் திறந்துவிட்டீர்களே, மூடுங்கள்.