இடது முன் சில்லுக்கு அருகே ஒரு சிவப்புக் கறை

மாத்தளை
புதன்கிழமை

அன்பும் பண்பும் அவற்றையெல்லாம் மிஞ்சிய வாகன ஞானமும் நிறைந்த மைத்துனர் சசிக்குமார் அவர்களுக்கு,

இங்கு நாங்கள் நலம். வத்தளையில் நீங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க முத்துமாரியம்மன் அருள் புரிவாளாக. இதற்கு மேல் உங்களுக்காக அவளிடம் எதையும் கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் தபாலதிபராக இருந்தவன் நான். முகவரியே எழுதாத கடிதத்தைக்கூட உரியவர் கையில் சேர்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் தேடிப் பிடித்து அனுப்பிய காரை என் வாசலிலிருந்து வில்கமுவவுக்குக் கொண்டுசேர்க்க என்னால் முடியவில்லை. கார் எதற்கு வாங்கினோம் என்பது உங்களுக்குத் தெரியும். மகள் தர்ஷிகா அங்கே சிங்களப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறாள், மாப்பிள்ளை கத்தாரில், அவளுக்கோ எட்டு மாதம். பிரசவத்துக்கு இங்கே கூட்டிவர வேண்டும். பஸ் வந்தாலும் வரும், வராமலும் இருக்கும். அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் டிராக்டரில் கொண்டுவந்து விடுகிறேன் என்று அன்போடு சொன்னாராம். அந்த டிராக்டருக்குச் சம்மதித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அது ஒழுகாது.

“லேடி டொக்டர் ஓட்டின கார் அத்தான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் எடுப்பாங்க” என்றீர்கள். வந்த அன்று தேங்காய் உடைத்து, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மறுநாள் காலை பார்த்தால் காருக்குக் கீழே சீமெந்துத் தரையில் ரொட்டி அளவுக்கு ஒரு கறை. உங்களுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். “அது ஏசித் தண்ணி அத்தான், எல்லாக் காரும் ஒழுகும், கண்டுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். மச்சான், அந்தக் காரில் ஏசி வேலை செய்வதில்லை. வேலை செய்யாத ஏசியிலிருந்து தண்ணீர் வரவழைக்கும் வித்தை உங்களுக்கும் அந்த லேடி டொக்டருக்கும் மட்டுமே தெரியும்.

சரி, படித்தவர்களை விட்டுத் தொழில் தெரிந்தவரிடம் போவோம் என்று ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், அதைக் கழற்றவுமில்லை, குனியவுமில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடி, பாட்டுக் கேட்பதுபோலத் தலையை ஆட்டினார். “எஞ்சின் ஒயில் மாஸ்டர். கீழ பெக்கிங் போயிருச்சு” என்றார். நான்கு நாள் வைத்திருந்து, ஒயில் கசியாமல் அடைக்கும் அந்தப் பெக்கிங்கை மாற்றிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் காலை, ரொட்டி தோசையாகியிருந்தது. கேட்டதற்கு, “புது பெக்கிங் மாஸ்டர், செட் ஆக நாளாகும்” என்கிறார்! செருப்பா அது, காலுக்குப் பழக?

அடுத்து நம் பக்கத்து வீட்டு ஞானசுந்தரம். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர், நான் கூப்பிடவில்லை, சுவருக்கு மேலால் பார்த்துவிட்டு அவராகவே வந்தார். விரலில் தொட்டு முகர்ந்தார். “உது கூலண்ட் ஐசே. மணத்திலயே தெரியுது” என்றார். மனிதருக்குத் தை மாதத்திலிருந்து மூக்கடைப்பு. அவருடைய மனைவி தவமணிதேவியே சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “உங்களுக்குக் கருவாடு கருகினதே மணக்கேல்லை, இது மணக்குதோ?” என்று கேட்டார். ஆனாலும் இரண்டு போத்தல் கூலண்ட் வாங்கவைத்து, ஏற்கனவே நிரம்பியிருந்த ரேடியேட்டரில் ஊற்றி, மிச்சத்தை என் செருப்பிலும் ஊற்றிவிட்டுத்தான் போனார்.

இவ்வளவுக்கும் நடுவில் உண்மையைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான். கறை முன் சில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில்லுக்குப் பக்கத்தில் ஒழுகினால் அது பிரேக் ஒயில். வில்கமுவ போகும் வழியில் லக்கல மலை வளைவுகளில் பிரேக் இல்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்கள் அக்காவிடம் விளக்கினேன். மூன்று நாள் தொடர்ந்து விளக்கினேன். தர்ஷிகா போன் எடுத்து, “அப்பா, எப்ப வர்றீங்க?” என்று கேட்கும்போதெல்லாம் அவளுக்கும் விளக்கினேன்.

மூன்றாம் நாள் உங்கள் அக்கா சந்திரகாந்தா என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏங்க, ஆளாளுக்கு எஞ்சினையே பாக்குறீங்களே, யாராவது ஒழுங்கா தரையைப் பாத்தீங்களா?” கேட்டுவிட்டு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, வெள்ளைப் பக்கம் மேலே தெரியக் காருக்குக் கீழே தள்ளினாள். சில்லுகள் நிற்கும் இடத்தைச் சோக்கால் கோடு போட்டாள். சமையலறைக் காரியத்துக்கும் வாகனக் காரியத்துக்கும் வித்தியாசம் தெரியாத பெண்பிள்ளை என்று நான் சிரித்தேன். மறுநாள் அந்த அட்டையைத் தலையில் சுமக்காத குறையாக அடுத்த தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே றஹீமும் அவர் மனைவி நஸ்மியாவும் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். நானும் பின்னால் போனேன், அவமானத்தைப் பங்குபோட.

நஸ்மியா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “செவப்பா இருக்கே சந்திராக்கா. எஞ்சின் ஒயில்னா கறுத்துப் போயிருக்கும். பிரேக் ஒயில் இந்த நெறம் இல்ல. இது பவர் ஸ்டியரிங் ஒயில்” என்றார். றஹீம் வந்து காருக்கடியில் படுத்தார். இத்தனை நாளில் என் கண்முன்னே அந்தக் காருக்கடியில் படுத்த முதல் மனிதர். ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தது, கிளிப்பும் தளர்ந்திருந்தது. அரை மணித்தியாலத்தில் மாற்றிவிட்டு, பிரேக்கையும் பார்த்துவிட்டு, “பிரேக்ல ஒரு குறையும் இல்ல மாஸ்டர், தைரியமா போங்க” என்றார். இரண்டு நாளாகப் புது அட்டை வைத்துப் பார்க்கிறோம். அட்டை வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அதனால் என்ன? இன்று ஒரு குழாய், நாளை எதுவோ! எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ‘தைரியமா போங்க’ என்று சொல்ல றஹீம் யார்? அவரா ஓட்டப்போகிறார்? ஆகவே என் முடிவான முடிவு: வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து இந்தக் காரை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அக்காவிடம் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இந்த வீட்டில் வாகன விஷயத்தில் என் சொல்தான் சொல்.

உங்கள் பிள்ளைகள் படிப்பிலும் குணத்திலும் தகப்பனைப் பின்பற்றாமல் ஓங்கி வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
க. பழனிமுத்து

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். காலையில் கார் புறப்படும் சத்தம் கேட்டபோது றஹீம் ஓட்டிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தேன். ஓட்டியது உங்கள் அக்கா. பக்கத்தில் நஸ்மியா. போன வருஷமே இரண்டு பேரும் சேர்ந்து லைசன்ஸ் எடுத்திருக்கிறார்கள், கோயிலுக்கும் கடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போன நேரங்களில். லக்கல வழியாகவே போய், லக்கல வழியாகவே திரும்பி, மாலை ஐந்து மணிக்குத் தர்ஷிகாவைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். காருக்குக் கீழே நானே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. நல்ல கார்தான் மச்சான்.

பிள்ளை இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, நீங்க ஏன் வரல?” என்று கேட்டாள். முக்கியமான கடிதம் ஒன்று எழுத வேண்டியிருந்தது என்று சொன்னேன்.