பரணுக்கு ஏறும் கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர் முன்னால், நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, மவுஸை உருட்டியபடியே ‘இதுக்கு ஒண்ணும் ஆவல, செட்டிங்ஸ்தான் சரியில்ல’ என்று சொல்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்தான் வெர்ச்சுவல் மெமரி வைத்தியர். உத்திரமேரூரில் எனக்கு ஒருவரைத் தெரியும். அவருடைய சட்டை எனக்கு அளவெடுத்தது போல் இருக்கும். என் சட்டைதானே!

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் ரேம் என்று ஒன்று உண்டு. சமையல் மேடை மாதிரி. மேடை போதவில்லை என்றால் காசு கொடுத்துப் பெரிதாக்க வேண்டும். வைத்தியர் செய்வாரா? ஹார்ட் டிஸ்க் என்ற பரணில் காலி இடம் கிடக்கிறதே, அதையும் மேடை என்று சொல்லிவிடுவார். அதுதான் வெர்ச்சுவல் மெமரி. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு கரண்டிக்கும் ஏணி போட்டுப் பரணுக்கு ஏறி இறங்கும். கரகரவென்று சத்தம் வரும். அதைக் கேட்டு, என்னமாய் உழைக்கிறது என்று பூரித்துப்போவார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் ஆல்வின், ரேம் மாற்றினால் போதும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். வியாபார தந்திரம்! நான் ஏமாறுவேனா? வெர்ச்சுவல் மெமரியை இரண்டு மடங்காக்கி, அதுவும் போதாமல் மூன்று மடங்காக்கி, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, அது கண் திறப்பதற்குள் பால் வாங்கி, பேப்பர் படித்து, குளித்துவிட்டும் வந்து, ‘முன்னைக்கு இப்ப பரவால்ல’ என்பேன்.

கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, குழந்தைகளுக்காக வீட்டோடு தங்கிவிட்ட என் மனைவி சுதாவுக்கு, ஆன்லைனில் பாடம் நடத்தும் வேலைக்கு அழைப்பு வந்தது. வீடியோவில் ஒரு கணக்கு நடத்திக் காட்ட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று வந்த முதல் வாய்ப்பு. ஒரு ரேம் வாங்கிப் போடச் சொல்லி வாரம் முழுக்கக் கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்தும் கொண்டேன். அன்று காலை, பாசத்தில், மிச்சமிருந்த பரணையும் தூக்கிக் கொடுத்தேன்.

கணக்கின் இரண்டாவது வரியில் கம்ப்யூட்டர் பரணுக்கு ஏறியது. இறங்கவே இல்லை. திரையில் சுதாவின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது. எதிர்முனையில் ஒரு பெண் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அப்போதும் என் கை எங்கே போயிற்று தெரியுமா? ரீஸ்டார்ட்டுக்கு.

“கைய எடுங்க” என்றாள் சுதா.

செல்போனில் அதே வீடியோவைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பருப்பு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சாக்பீஸால் கடப்பாக்கல் மேடையில் கணக்கைப் போட்டாள். நிஜ மேடை. நான் வாசலில் நின்று கேட்டேன். அவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வேலை கிடைத்துவிட்டது.

“முதல் சம்பளத்துல லேப்டாப் வாங்கறேன். அதுல நீங்க கை வெக்கவே கூடாது” என்றாள்.

லேப்டாப்பும் வந்துவிட்டது. சத்தமே போடுவதில்லை, எனக்குத்தான் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதில் வெர்ச்சுவல் மெமரி எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று சும்மா ஒரு தடவை பார்த்தால் என்ன குறைந்துவிடப்போகிறது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பரண் கதையைப் படிக்கும்போதே, ‘அந்த செட்டிங்ஸ் எங்க கீதுன்னு நம்ம வூட்டுக் கம்ப்யூட்டர்லயும் பாக்கணும்’ என்று ஒரு நொடி நினைத்தீர்களே, அதை நான் கவனிக்காமல் இல்லை. வாருங்கள், உட்காருங்கள். ஒரு காலை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.