ஒரு மணி நேரம் கிடைக்காத எம்.டி.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எட்டு மணி நேரம். அதில் தனக்கென்று ஒரே ஒரு மணி நேரம்கூட மிஞ்சாமல் எங்கே போகிறது? எம்.டி.க்கு இந்தப் புதிர் மட்டும் விடுபடவே இல்லை.

அவருடைய தொழிற்சாலையில் மருத்துவமனைக் கட்டில்கள் செய்கிறார்கள். கால்மாட்டில் கைப்பிடியைச் சுற்றினால் அடியில் ஒரு திருகுதண்டு சுழலும். அது ஒரு தண்டைத் தள்ள, தலைமாடு எழும். அழகான ஏற்பாடு. ஆனால் சுற்றுவதற்கு இன்னொருவர் வேண்டும். படுத்திருக்கும் நோயாளியே ஒற்றைக் கையால் தலைமாட்டை உயர்த்திக்கொள்கிற மாதிரி கட்டில் வேண்டும் என்று ஒரு பெரிய மருத்துவமனை கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் போனால் இரண்டாவது ஷிப்ட் திறக்கலாம், நாற்பது பேருக்கு வேலை. போகாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு. அதை வரையத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முடித்துவிட்டுச் சொன்னால்தான் கம்பீரம் என்று கம்பெனியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை மதியம்வரை தாளில் ஒரே ஒரு கோடு விழுந்திருந்தது. அதுவும் யாரோ கதவைத் தட்டியதில் கை ஆடி விழுந்தது.

தட்டியவர் பெயின்டர். "சார், பெயின்ட் டின்னை மூடி வைக்கணுமா, திறந்து வைக்கணுமா?"

"இருபது வருஷமா அடிக்கிறீங்க, இதுகூடவா தெரியாது?"

"தெரியும் சார். இருந்தாலும் உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டா ஒரு திருப்தி."

எம்.டி.க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெயின்ட் ஏன் காய்கிறது, காற்று அதை என்ன செய்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினார். பெயின்டர் வெளியேற, வெல்டர் உள்ளே வந்தார்.

"இன்னைக்காவது வரைஞ்சீங்களா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"எங்கம்மா விடறாங்க? இருபது நிமிஷத்துக்கு ஒருத்தர். நான் இல்லைன்னா அங்க ஒரு ஆணி அசையாது."

"கஷ்டமா இருக்கா, பெருமையா இருக்கா?"

"ரெண்டும்தான்."

"முகத்துல பெருமைதான் வழியுது. கஷ்டத்தைக் காணோம்."

செவ்வாய்க்கிழமை கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு மாட்டினார். பத்திலிருந்து பதினொன்று வரை விளக்கு எரியும், யாரும் வரக்கூடாது. யாரும் வரவில்லை. பென்சிலைச் சீவினார். இன்னொரு பென்சிலையும் சீவினார். இவ்வளவு அமைதி நல்லதற்கில்லையே என்று தோன்றியது. ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாடியிலிருந்து பட்டறைக்கு இறங்கினார்.

அங்கே திருகாணிப் பெட்டிகளை அளவு வாரியாக அடுக்கியிருந்தார்கள். மாட்டும் வரிசைப்படியல்லவா அடுக்க வேண்டும்! தானே முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு, அத்தனை பெட்டிகளையும் மாற்றி அடுக்கிக் காட்டிவிட்டு, கோட்டை பிடித்த தளபதி மாதிரி மாடியேறினார். விளக்கை அணைத்ததும் வாசலில் ஆறு பேர்.

"பார்த்தீங்களா? ஒரு மணி நேரம் கண்ணை மூடினா போதும், எல்லாம் தேங்கிப்போகுது" என்றார் செக்ரட்டரியிடம்.

அந்தப் பெண்மணி பதிலுக்கு இருமினார்.

புதன்கிழமை அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தார். சின்ன முடிவுகளை எல்லாம் இனி சூப்பர்வைசரே எடுப்பார். மதியம்வரை அறையில் ஈ, காக்காய் இல்லை. சூப்பர்வைசர் சரியாகத்தான் முடிவெடுக்கிறாரா என்று பார்க்க இறங்கினார். சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எம்.டி. வேலையை நிறுத்தச் சொல்லி, ஒரு கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்துக்குள்ளிருந்த எஃகுக் குண்டுகளைக் கழற்றி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒன்று வைத்தார்.

"சார், வெளியே லாரி நிக்குது" என்றார் சூப்பர்வைசர்.

"நிக்கட்டும். சக்கரம் ஏன் ஓடுதுன்னு தெரியாம அதை மாட்டி என்னங்க பிரயோஜனம்?"

அன்று மாலை பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாடியேறினார்கள். சூப்பர்வைசரே மூன்று தடவை வந்துவிட்டார்.

வியாழக்கிழமை, கேள்விகளை எழுதிக் கொடுங்கள் என்றார். ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு சீட்டுகள் சேர்ந்தன. படித்துப் பதில் எழுதவே மதியமாகிவிட்டது. தாளில் அந்த ஒற்றைக் கோடு அப்படியே இருந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

கதவு திறந்தது. திங்கட்கிழமைதான் பேக்கிங்கில் சேர்ந்த அம்மா வந்து நின்றார்.

"சொல்லுங்கம்மா."

"சார், வந்து... மறந்துபோச்சு சார். இருங்க, எழுதிக் குடுத்தாங்க." கையிலிருந்த சீட்டைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "'வியாழன் மதியம், பேக்கிங். அட்டைப்பெட்டியை எந்தப் பக்கம் மடிக்கணும்?' இதான் சார்."

"இதை யார் எழுதினது?"

"எல்லாரும் சேர்ந்துதான் சார். எந்த நாள் யார் வரணும், என்ன கேக்கணும்னு கீழ போர்டுல எழுதிப் போட்டிருக்காங்களே."

"அப்ப ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாமயா கேக்கறாங்க?"

"ஐயையோ, எல்லாம் தெரியும் சார். எங்க எம்.டி. சொல்லிக் குடுத்த வேலை, கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வோம்னு முதல் நாளே என்கிட்ட பெருமையடிச்சாங்க."

எம்.டி.யின் நெஞ்சு விரியத் தொடங்கி, பாதியில் நின்றது.

"அப்புறம் எதுக்கும்மா என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க? நாளைக்குள்ள நான் ஒரு படம் வரையணும். வரைஞ்சா இன்னொரு ஷிப்ட், நாற்பது பேருக்கு வேலை. எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கலையே!"

"நாற்பது பேருக்கா? எங்க வீட்டுக்காரர் நாலு மாசமா வேலையில்லாம உக்காந்திருக்கார் சார்!"

அந்த அம்மா திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். மேஜைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க கீழ இறங்கி வராம இருந்தா, நாங்க ஒருத்தரும் மேல ஏறி வரமாட்டோம் சார்."