சனிக்கிழமை ஜப்பான்

நான் ஏழாங்கிளாஸ் பெயில். அதுலயே ரெண்டு தடவை. அப்படிப்பட்ட நான் நாப்பத்தொம்பது வயசுல யுனிவர்சிட்டியில சேர்றதுன்னு முடிவு பண்ணேன். படிப்பு மேல ஆசைன்னு நெனச்சீங்கன்னா, நீங்க என் வீட்டுக்காரியப் பாத்ததில்லன்னு அர்த்தம்.

எல்லாத்துக்கும் காரணம் சனிக்கிழமை. மத்த நாள்ல நான் சோபா தைக்கிறவன். சனிக்கிழமை மட்டும் சோபா தூக்குறவன். நான் தூக்கிப் பிடிப்பேன், அவ அடியில பெருக்குவா. பெருக்குன கையோட ஃபேன் துடைக்கணும். அப்புறம் ஜன்னல். அப்புறம் தரை. பாத்ரூம் எனக்குன்னே எழுதி வச்ச சொத்து. அவளுக்கு பார்சல் ஆபீஸ்ல ஊர் ஊரா பார்சல் பிரிக்கிற வேலை. வீட்லயும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு விலாசம் வச்சிருப்பா. செருப்பு ரெண்டு இஞ்சு தள்ளிக் கெடந்தா திருப்பி அனுப்பிடுவா. செருப்புக்குள்ள நான் நின்னா என்னையும் சேத்து.

யுனிவர்சிட்டி நாற்காலிக்கெல்லாம் மெத்தை மாத்தப் போயிருந்தேன். சுவத்துல ஒரு நோட்டீஸ். 'ஜப்பானியப் பண்பாடு. பன்னிரண்டு வாரம். சனிக்கிழமைகளில் மட்டும். கல்வித் தகுதி தேவையில்லை.' கடைசி வரிய படிச்சதும் யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அங்கயே பேரக் குடுத்துட்டேன்.

வீட்டுக்கு வந்து நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன். "சனிக்கிழமை இனிமே நான் ஃப்ரீ இல்ல. யுனிவர்சிட்டி போறேன்."

"அங்க சோபா ஏதும் கிழிஞ்சிருக்கா?"

"படிக்கப் போறேன்! ஜப்பான் பண்பாடு!"

"இந்த வீட்டுப் பண்பாடே இன்னும் பாஸாகலயேங்க."

"கிண்டல் பண்ணாத. படிப்புக்கு வயசு கெடையாது."

"வயசு கெடையாது, சரி. இடுப்பு? போன சனிக்கிழமை பக்கெட் தூக்கச் சொன்னப்ப இடுப்பு போச்சுன்னு படுத்தீங்களே. ஜப்பானத் தூக்கிருவீங்களா?"

"படிப்புல தூக்குறது எறக்குறது ஒண்ணும் இல்ல. உக்காந்தா போதும்."

என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. விலாசம் சரியில்லாத பார்சல அப்படித்தான் பாப்பா. அப்புறம், "போய்ட்டு வாங்க. நல்லாப் படிங்க"ன்னா. அவ்வளவுதான். சண்டையே இல்லாம ஜெயிச்சா சந்தேகப்படணும். நான் சந்தோஷப்பட்டேன்.

முதல் சனிக்கிழமை. தலைக்கு எண்ணெய் தடவி, சட்டப்பையில ரெண்டு பேனா குத்திக்கிட்டுப் போனேன். பாடம் எடுக்கிற மேடம் எட்டு வருஷம் ஜப்பான்ல இருந்தவங்க. குரலே பஞ்சு. நான் சோபாவுக்கு வைக்கிற பஞ்சு இல்ல, நல்ல பஞ்சு.

"எல்லாரும் செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க"ன்னாங்க. விட்டோம். "ஜப்பான்ல பள்ளிக்கூடத்தைப் பிள்ளைங்களே சுத்தம் பண்ணுவாங்க. பண்பாடு புத்தகத்துல இல்ல, கையில இருக்கு. அதனால நம்ம வகுப்பும் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் ஆரம்பிக்கும்." சொல்லிக்கிட்டே ஆளுக்கொரு ஈரத்துணிய நீட்டுனாங்க.

வாணலிக்குத் தப்பி அடுப்புல விழுந்த கதைன்னு கேள்விப்பட்டிருக்கேன். அன்னைக்குத்தான் அடுப்போட சூடு தெரிஞ்சுது.

அதுவும் சாதாரணத் துடைப்பு இல்லைங்க. துணிய தரையில விரிச்சு, ரெண்டு கையும் அது மேல ஊனி, பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு, இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் தள்ளிக்கிட்டே ஓடணும். அங்க சின்னப் பிள்ளைங்க அப்படித்தான் ஓடுமாம். மூலைய மட்டும் முட்டி போட்டுத் தேய்க்கணும். எனக்குப் பக்கத்துல ஓடுனது ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ். பாதி தூரத்துல அவருக்கு மூச்சே வாய்தா கேட்டுச்சு. துணியப் பிழியக்கூடத் தெரியல.

"ஐயா, அப்படி இல்ல, இப்படி முறுக்கணும்"னு பிழிஞ்சு காட்டுனேன்.

மேடம் பாத்துட்டாங்க. "அடடா! இவர் பிழியறதப் பாருங்க எல்லாரும்!" கை தட்டுனாங்க. ஜட்ஜும் தட்டுனாரு. என் வாழ்க்கையில வகுப்புல எனக்குக் கெடச்ச முதல் கைத்தட்டு. ஏழாங்கிளாஸ்ல தட்டுனது மண்டையில. அன்னைக்கே என்னைத் துப்புரவுத் தலைவராக்கிட்டாங்க. அப்புறம் குனிஞ்சு வணக்கம் சொல்றது எப்படின்னு பாடம் நடந்துச்சு. அசதியில எனக்குக் குனிஞ்ச தலை நிமிரல. மரியாதைன்னு நெனச்சுக்கிட்டாங்க.

இதை வீட்ல சொல்ல முடியுமா? வாயத் தெச்சுக்கிட்டேன். தையல்காரனுக்கு அது கஷ்டமா?

மூணாவது வாரம் அவ வீட்டு வாசல்ல மறிச்சா.

"ஏங்க, படிச்சா மண்டை சூடாகும்பாங்க. உங்களுக்கு ஏன் முட்டி நனையுது?"

குனிஞ்சு பாத்தேன். பேண்ட்ல ரெண்டு முட்டியிலயும் வட்ட வட்டமா ஈரம்.

"ஜப்பான்ல முட்டி போட்டுத்தான் உக்காருவாங்க."

"சரி. ஈரம்?"

"வேர்வை."

"உடம்பெல்லாம் காஞ்சு கெடக்கு. முட்டிக்கு மட்டும் தனியா வெயிலடிச்சுதா?"

"அது... பாடம் கொஞ்சம் கடினம்."

"ஓஹோ"ன்னா. அவ 'ஓஹோ' சொன்னா பார்சலப் பிரிச்சுப் பாக்கப் போறான்னு அர்த்தம்.

அடுத்த சனிக்கிழமை. கழுத்துல துண்டு, பின்பக்கம் வானத்துல, நான் முன்னால ஓட, பின்னாடி ஜட்ஜ் தலைமையில பதினோரு பேர் ஓடி வர்றாங்க. சுவர் வந்துச்சு. நிமுந்தேன். சுவத்துப் பக்கத்துல ஒரு ஜோடிப் பாதம். எனக்குப் பழக்கமான பாதம்.

"கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டீங்க"ன்னு நீட்டுனா. முகத்துல ஒரு சுருக்கம் கெடையாது.

மேடம் ஓடி வந்தாங்க. "நீங்கதான் இவரோட மனைவியா? இவரு மாதிரி துடைக்கிறவர நான் ஜப்பான்லயே பாத்ததில்லைங்க! வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல இவருக்கு இடுப்பு வலிங்க மேடம்."

ஜட்ஜ் என்னைப் பாத்தாரு. பதவியில இருந்தா உள்ள போட்டிருப்பாரு.

"வலியா? இங்க மான் மாதிரி ஓடுறாரே!"

"நல்ல படிப்பு மேடம். ஆனா இங்க படிச்சது வீட்டுக்கு வரும்போது வழியிலயே மறந்துருது அவருக்கு. வீட்டுப்பாடம் மாதிரி ஏதாச்சும் குடுக்க மாட்டீங்களா?"

மேடத்துக்குக் கண்ணு விரிஞ்சுது. "பிரமாதம்! இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல செஞ்சு பழகணும். வீட்டுல இருக்கிறவங்க கையெழுத்து வேணும். கையெழுத்து இல்லாதவங்க வகுப்புக்கு வர வேண்டாம்."

பதினோரு பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பார்வைக்கு ஜப்பான்ல என்ன பேரோ தெரியல.

கையெழுத்து இல்லன்னா வகுப்பு இல்ல. வகுப்பு இல்லன்னா சனிக்கிழமை மறுபடி அவ கையில. சரி, பல்லக் கடிச்சுக்கிட்டு முடிச்சிருவோம்னு எறங்கிட்டேன். சனிக்கிழமை யுனிவர்சிட்டி, ஞாயித்துக்கிழமை வீடு. அவ நாற்காலிய மூலையில போட்டு உக்காந்துக்கிட்டு, "அந்தக் கட்டிலுக்கு அடியில ஜப்பான் இன்னும் போகலயே"ன்னு கை காட்டுவா. திருப்தியாயிட்டா கையெழுத்து. அதுலயும் ரெண்டு வாரம், "நாளைக்குப் பாக்கலாம்"னு தள்ளி வச்சா.

பன்னெண்டு வாரம் முடிஞ்சுது. சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. சிவப்பு முத்திரை, என் பேரு, கீழ மேடம் கையெழுத்து. பொய் சொல்லக் கூடாது, கண்ணு கலங்கிருச்சு. ஏழாங்கிளாஸத் தாண்டிட்டேன்ல.

வீட்டுக்கு வந்து அவ கையில குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சா. முத்திரையத் தடவிப் பாத்தா. "சந்தோஷமா இருக்குங்க"ன்னா. நெசமாத்தான் சொன்னா.

"அடுத்த பேட்ச்சுக்கும் பேர் குடுத்திரலாம்னு இருக்கேன்"னேன், மெதுவா.

"இடம் இல்லைங்க. கடைசி இடத்தை நேத்து நான் எடுத்துட்டேன்."

"நீயா? அங்க போனா தரை துடைக்கணும்மா! உனக்கு எதுக்கு?"

"அது முதல் பகுதி. இது ரெண்டாம் பகுதி. டீ. பன்னெண்டு வாரமும் மரியாதையா உக்காந்து டீ குடிக்கணுமாம். விருந்தாளி எந்திரிக்கவே கூடாதாம்."

"அப்ப சனிக்கிழமை வீடு?"

"அதுக்குத்தான் படிச்ச ஆள் ஒருத்தர் இருக்காரே"ன்னு சொல்லிட்டு, சர்ட்டிபிகேட்டக் கொண்டுபோய் பாத்ரூம் கதவுக்குப் பக்கத்துல, துடைப்பம் தொங்குற ஆணியிலயே மாட்டிட்டா.