திருப்பிப் போட்டால் பேய் பேசும்

கொட்டாரத்துக் கல்யாண மண்டபத்தில் அந்தச் சனிக்கிழமை கல்யாணம் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு வருவதைவிட இரண்டு மடங்கு கூட்டம். நாகர்கோவிலிலிருந்து வந்த டவுன் பஸ் மண்டபத்து வாசலிலேயே பாதி காலியானது. கோட்டாற்று வியாபாரிகள் கடையை மச்சினன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நெற்றியில் நாமம் இட்டவர்களும் கழுத்தில் சிலுவை போட்டவர்களும் ஒரே வரிசையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். மேடை மேடையாகப் பேசியும் வராத மத நல்லிணக்கத்தை ஒரு லேப்டாப் கொண்டுவந்துவிட்டது.

லேப்டாப்பின் சொந்தக்காரர், ‘நாதசோதகர்’ என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்ட டாக்டர் அனில்குமார். டாக்டர் பட்டம் எங்கே வாங்கியது என்று கேட்டால் ஒரு தீவின் பெயரைச் சொல்வார். தீவு இருக்கிறது, பல்கலைக்கழகத்தைத்தான் கடல் கொண்டுபோயிருக்க வேண்டும். பத்து வருடம் துபாயில் ஏசி குழாய் மாட்டிவிட்டு ஊர் திரும்பியதும் அவருக்கு ஞானம் பிறந்தது. நாம் கேட்கிற பாட்டுகளில் பேய் ஒளிந்திருக்கிறது. நேராகப் போட்டால் அது வாயைத் திறக்காது. பாட்டைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிப் போட்டால் மடமடவென்று பேசிவிடும்.

செய்முறை எளிது. பாட்டைத் திருப்பிப் போடுவார். தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு யாரோ கொப்பளிப்பது போல ஒரு சத்தம் வரும். அதே நேரத்தில் மேடைத் திரையில் எழுத்து ஓடும்: ‘உன் வீட்டை விழுங்குவேன்.’ கூட்டம் எழுத்தை வாசிக்கும். வாசித்ததைக் கேட்கும். கேட்டதும் அலறும். கூட்டத்தில் இந்துக்கள் அதிகமென்றால் அது ஏவல். கிறிஸ்தவர்கள் அதிகமென்றால் சாத்தான். ஆள் பார்த்து மதம் மாறிக்கொள்ளும் பேயை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

பரிகாரமும் உண்டு. தீட்டுப்பட்ட பாட்டு ஓடிய ஸ்பீக்கர், ஹோம் தியேட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் முக்கடல் கூடும் இடத்தில் கொண்டுபோய் முக்கிவிடுவார். பதிலுக்கு, அவரே கரகரத்த குரலில் ஓதிய ‘தூய்மை நாதம்’ என்ற மெமரி கார்டைக் கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டு அதை எதில் போட்டுக் கேட்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். சுபிதாவின் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சுபிதா மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். அம்மா முத்துக்கனி அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, விரல்களெல்லாம் கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுக் கருத்துப்போனவள். அம்மாவை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்றுதான் சுபிதா கோவில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று ஓடி ஓடிப் பாடினாள். போன வருடம் அவள் பாடிய ஒரு மழைப்பாட்டு மாவட்டம் முழுக்கப் பரவி, பால்காரர் போனில்கூட அதுதான் ஒலித்தது.

அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே பைக்கில் போன மகேஷ்குமார், நின்றுகொண்டிருந்த லாரியில் மோதிக் காலை ஒடித்துக்கொண்டான். அவன் அப்பா சிவதாணு உரக்கடை முதலாளி, கொடைவிழாக் கமிட்டித் தலைவர். அவர் நேராக டாக்டரிடம் போனார். டாக்டர் மழைப்பாட்டைத் திருப்பிப் போட்டார். திரையில் எழுத்து ஓடியது: ‘வண்டியை முட்டு, காலைக் கொடு.’

பேய்க்கு விபத்து விவரம் முழுசாகத் தெரிந்திருந்தது.

ஒரே வாரத்தில் சுபிதாவின் ஐந்து கொடைக் கச்சேரிகள் போயின. அண்டி ஆபீசில் முத்துக்கனியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் பலகையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். இருபது வருடம் ஒன்றாகக் கஞ்சி குடித்தவர்கள்.

“பாட்டை விட்டுரு மக்ளே,” என்றாள் முத்துக்கனி. “அந்தாளு கால்ல விழுந்து பரிகாரம் செய்துட்டு வந்துருவோம்.”

“விழலாம்மா. மொதல்ல அவருக்குக் கேக்கது எனக்கும் கேக்குதான்னு பாக்கணும்.”

மைக் செட் கடை ஜான்ரோஸிடம் போனாள். மழைப்பாட்டைத் திருப்பிப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு இருவரும் கேட்டார்கள். பத்துத் தடவை கேட்டார்கள்.

“உங்களுக்கு என்ன கேட்டுது அண்ணே?”

“சாளை மீனு வேணுமா, சாளை மீனு வேணுமான்னுல்லா கேக்குது,” என்றார் ஜான்ரோஸ். “நான் காலையில திங்காம வந்தேன்.”

சுபிதாவுக்கு அங்கேயே விஷயம் விளங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் மைக் செட்டும் திரையும் ஜான்ரோஸுடையவை. சுபிதா அம்மாவோடு மேடைக்கு முன்னால் வந்து நின்றதும் டாக்டருக்கு முகம் மலர்ந்தது.

“பாதிக்கப்பட்ட சகோதரியே தானாக வந்துவிட்டார்! கைதட்டுங்கள்!”

தட்டினார்கள். சுபிதா மைக்கை வாங்கினாள்.

“பரிகாரத்துக்குத்தான் வந்தேன். ஒரே ஒரு சந்தேகம். இது நேத்து நான் போன்ல பாடிப் பதிஞ்ச தாலாட்டாக்கும். யாரும் கேட்டதில்ல. இதைத் திருப்பிப் போடுவோம். பேய் என்ன சொல்லுதுன்னு டாக்டர் ஒரு தாள்ல எழுதி, மடக்கி, சிவதாணு அண்ணாச்சி கையில குடுக்கட்டும். திரையை அணைச்சிருங்க. நாங்களும் கேட்டு எழுதுதோம். ரெண்டும் ஒத்துவந்தா, நான் சாவுற வரைக்கும் வாயைத் திறந்து பாட மாட்டேன்.”

முத்துக்கனி மகளின் தாவணியைப் பிடித்து இழுத்தாள். “ஏட்டி, என்ன சொல்லுத நீ?”

“சந்தேகம் நாத அலைகளைக் கெடுத்துவிடும்,” என்றார் டாக்டர்.

முன்வரிசையிலிருந்து சிவதாணு எழுந்தார். “எழுதும் வே. எம் மவன் காலொடிஞ்சு கெடக்கான். எனக்குத் தெரியணும்லா.”

கமிட்டித் தலைவர் எழுந்தால் கூட்டமும் எழுந்ததாக அர்த்தம். ஜான்ரோஸ் திரையை அணைத்துவிட்டுத் தாலாட்டைத் திருப்பிப் போட்டார். டாக்டர் வியர்த்துக்கொண்டே எழுதி மடக்கிக் கொடுத்தார். அவருடைய நோட்டீஸ்களின் பின்பக்கத்திலேயே ஜனங்கள் எழுதினார்கள். சிவதாணு ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசித்தார்.

“‘ஆமென்’. ‘ஆவின் பால்’. ‘ஒரு எழவும் கேக்கல’. ‘கன்னியாகுமரி கடைசி பஸ்’. ‘என் மாமியாருக்க பேரு’...”

நாற்பது தாள் வாசித்தார். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. கடைசியாக டாக்டரின் தாளைப் பிரித்தார்.

“‘தொட்டிலை உடை, ரத்தம் குடி’.”

சிவதாணு அந்தத் தாளைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

“பயிற்சி இல்லாத காதுக்குக் கேட்காது,” என்றார் டாக்டர்.

“செரி, எல்லாருக்கும் பழகின சத்தமே போடுவோம்,” என்றாள் சுபிதா. “டாக்டருக்க தூய்மை நாதம். ஜான்ரோஸ் அண்ணே, திருப்பிப் போடுங்க.”

டாக்டரின் குரல் தண்ணீருக்குள் முங்கிக் கொப்பளித்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சுபிதா திரையைப் போடச் சொன்னாள். மறுபடியும் அதே சத்தம். இப்போது எழுத்தும் ஓடியது: ‘நான் புளுகன், நீங்கள் ஏமாளிகள்.’

“எம்மாடி! தெளிவா கேக்குதே!”

“புளுகன்னு ழகரம் இல்லாம, ளகரம் போட்டே சொல்லுது பாத்தியா!”

அடுத்த நொடியில் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. “ஏலே, பேய் இவனுக்குள்ளல்லா இருக்கு! பிடி லே!” என்று ஒருவன் கத்த, நாலு பேர் மேடையில் ஏறினார்கள். ஒருவர் சூடம் கொளுத்தினார். இன்னொருவர் டாக்டரின் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார். தங்களை ஒருவன் முட்டாளாக்கினான் என்று ஒப்புக்கொள்வதைவிட, அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்புவது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

“நில்லுங்க!” சுபிதா மைக்கில் அலறினாள். “பேயும் இல்ல, பிசாசும் இல்ல! அந்த வரியை எழுதினது நானாக்கும். காலையில பஸ்ல வரும்போது எழுதி ஜான்ரோஸ் அண்ணன்ட்ட குடுத்தேன். இப்ப வேற வரி போடுதேன், பாருங்க.”

அதே சத்தம். திரையில்: ‘அவியல் இன்னும் கொஞ்சம் போடு.’

மண்டபம் முழுவதற்கும் அவியல் கேட்டது.

யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. வீட்டிலிருந்து தூக்கிக் கொடுத்த ஸ்பீக்கர் ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

டாக்டர் சமையல்கட்டு வழியாக ஓடினார். பின்வாசலில் அவருடைய வேன் நின்றது. துரத்திப் பிடித்தவர்கள் கதவைத் திறந்தால், முக்கடலில் முங்கியிருக்க வேண்டிய ஸ்பீக்கர்கள் துளிகூட நனையாமல், விலைச்சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தன.

“விடுங்க லே, நானும் அந்த லேப்டாப்பை நம்பித்தான் ஏமாந்து போனேன்!” என்றார் டாக்டர். பட்டமும் மேடைத் தமிழும் ஒரே நேரத்தில் கழன்று விழுந்திருந்தன. போலீஸ் வரும்வரை அவரை அடுப்படியிலேயே உட்காரவைத்தார்கள்.

சிவதாணு சுபிதாவிடம் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

“அவன் போன்ல யாருக்கோ மெசேஜ் அடிச்சுட்டே வண்டி ஓட்டினான் பிள்ளே. ஆஸ்பத்திரியிலயே எங்கிட்டச் சொல்லிட்டான். பெத்தவனுக்கு அதைத் தாங்க முடியல. பாட்டு மேல பழியைப் போடது எளுப்பமா இருந்தது.”

“எங்கம்மா பக்கத்துல உக்காரதுக்கு ஆள் இல்லாமப் போச்சு அண்ணாச்சி,” என்றாள் சுபிதா. அவர் முத்துக்கனியின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். முத்துக்கனி தன் கருத்த விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு அழுதாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். நம்முடைய ஜனங்கள் அவ்வளவு சீக்கிரத்தில் விடுகிறவர்களா?

தையல் கடை லீலாபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் போனைச் சுபிதாவின் கையில் திணித்தாள்.

“அவன் கள்ளன். நீதான் மக்ளே உண்மையான ஆளு. வீட்டுல நாங்க எப்பமும் கேக்க பாட்டு இது. இதுல கெட்டது ஏதாவது உண்டுமான்னு திருப்பிப் பாத்துச் சொல்லு.”

அவளுக்குப் பின்னால், கையில் போனோடு ஒரு வரிசை நிற்க ஆரம்பித்திருந்தது.

சுபிதா போனைப் பார்த்தாள். ஆறு மாதமாக எல்லாக் கொடையிலும் கேட்டுக் கேட்டு ஆடுகிற குத்துப்பாட்டு.

“வரி தெரியுமாக்கா?”

“தெரியாம என்ன? இதைப் பாடிட்டேல்லா மிஷின் சவுட்டுவேன்.”

“அப்ப ராகம் இல்லாம, சும்மா வாயால சொல்லுங்க.”

லீலாபாய் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். “‘மாட்டேன்னு சொன்னாளே மச்சான், அவ மூஞ்சியில கத்தியால கோலம் போடு, அறுத்த சங்குல...’”

அதற்கு மேல் வாய் வரவில்லை. சிரிப்பு பாதியில் அப்படியே நின்றது. அவளுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள்.

“இது... திருப்பிப் போட்டதா மக்ளே?”

“இல்லக்கா. நேராத்தான்.”

பேயைத் தேடிப் பாட்டைப் பின்னாலிருந்து கேட்கும் பெருமக்களே, ஒரே ஒரு தடவை முன்னாலிருந்து கேட்டுப் பாருங்கள். அதற்கு லேப்டாப் வேண்டாம், டாக்டர் வேண்டாம், சுபிதாவும் வேண்டாம். வேண்டிய கருவி உங்கள் இரண்டு காதுக்கும் நடுவில் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து உறைகூடப் பிரிக்காமல்.