ஒத்திலியா அக்காவுக்கு, என் முதுகெலும்பின் வாசல்கள் பற்றி

அந்திகுவா,
தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு

பேரன்புள்ள ஒத்திலியா அக்காவுக்கு, தங்கை நோயெமி வணக்கத்துடன் எழுதுவது. லாஸ் ஏஞ்சலஸில் உன் முழங்காலும் அத்தானின் சர்க்கரையும் அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டுகிறேன். இங்கே என் முதுகைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்று என் தோள் உயரத்தைப் பென்சிலால் குறித்தேன். நாற்பத்தாறு வயதில் வளர்ந்திருக்கிறேனா என்று பார்க்க அல்ல, எவ்வளவு குறைந்திருக்கிறேன் என்று பார்க்க. நேற்றுதான் பெரிய வெள்ளிக்கு மாதா சப்பரம் தூக்கும் பெண்களைத் தோள் உயரம் பார்த்து, தெருவுக்கு ஒரு கூட்டமாகப் பிரித்தார்கள். அளவுகோலோடு வழக்கம்போல் த்ரான்சித்தோ அம்மாள்.

"நேரா நில்லு நோயெமி."

"நேராத்தான் நிக்கிறேன்."

"போன வருஷம் இதவிட நேரா நின்னியேம்மா."

பின்னால் நின்ற எலோதியா சும்மா இருப்பாளா? "செருப்புக்குள்ள பாருங்க, அட்டைய வைக்க மறந்திருப்பா. இவ அம்மா அட்டைய மடிச்சு வச்சுத்தானே உயரமானவங்க கூட்டத்துல சேர்ந்தாங்க!" வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். செத்த பிறகும் அம்மா இந்த வரிசையை விடவில்லையே என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அளவு இரண்டு விரல் குறைந்துவிட்டது. குள்ளமானவர்களின் முறை எனக்கு, வேறு தெருவில். உன் பக்கத்தில் எனக்கு இடமில்லை. வருஷமெல்லாம் ஊரார் வீட்டைத் துடைத்துவிட்டு, அந்த ஒரு தெரு நீளத்துக்கு என் தோளோடு தோள் நிற்கத்தானே நீ விமானம் ஏறுகிறாய்?

நிமிர மாட்டேன் என்பது என் பிடிவாதம் இல்லை. முதுகெலும்பில் அடுக்குக்கு அடுக்கு இரண்டு பக்கமும் சின்ன வாசல் இருக்கிறதாம், அதன் வழியாகத்தான் நரம்பு காலுக்குக் கிளம்புகிறதாம். எனக்கு இடுப்புப் பக்கம் எலும்பு துருத்தி வளர்ந்து அந்த வாசல் குறுகிவிட்டது, நிமிர்ந்தால் இன்னும் குறுகும், குனிந்தால் கொஞ்சம் திறக்கும் என்றார் தலைநகர் டாக்டர். இதை வீட்டில் விளக்கினேன். என் வீட்டுக்காரர் ரிகோபெர்த்தோ நெடுநேரம் யோசித்துவிட்டு, "வெளிய வர வழியில்லன்னா உள்ளயே இருந்துட்டுப் போகட்டுமே, அதுக்கு வெளிய என்ன வேல?" என்றார். எலும்பு தட்டி வைத்தியம் பார்த்துப் பிழைக்கும் அவருடைய சித்தப்பாவோ, "வாசலாவது ஜன்னலாவது! பயத்துல நரம்பு சுருண்டிருக்கு" என்று முதுகு முழுக்கக் கோழிக் கொழுப்பைத் தடவினார். வலி போகவில்லை. தெருநாய்கள்தான் என்னை மிகுந்த மரியாதையோடு பின்தொடர்ந்தன.

இதற்கிடையே, எதையாவது குனிந்து தள்ளிக்கொண்டு போனால் வலிக்காமல் நடக்கலாம் என்று கண்டுபிடித்தேன். சூப்பர்மார்க்கெட்டில் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒன்றும் வாங்காமல் சுற்றினேன். காவல்காரர் என்னையே சுற்றினார். அதனால் பக்கத்து வீட்டு சாயோவின் சோளக்கஞ்சி வண்டியைச் சந்தை வரைக்கும் நான் தள்ளுகிறேன் என்றேன். பாதி வழியில் என் மாணவி ஒருத்தியின் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், வேலை போயிடுச்சா? ஐயோ கடவுளே! சரி, ரெண்டு டம்ளர் குடுங்க." என்ன செய்வது, ஊற்றிக் கொடுத்தேன். இலவங்கப்பட்டை தூவவில்லை என்று குறை வேறு சொன்னாள்.

போன வாரம் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன் அக்கா. மற்றது கழன்றதே தெரியவில்லை. சாயோதான் எடுத்து வந்தாள். "டீச்சர், ஒரு கால அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்க" என்றாள். கேலிதான், நல்ல பெண். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயிற்சி எல்லாம் செய்து பார்த்தாயிற்று. முதுகில் போட்ட ஊசி கிறிஸ்துமஸ் வரை தாங்கியது. இப்போது டாக்டர், "பாதம் தொங்க ஆரம்பிச்சாச்சு, இனிமே காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் பண்ணி வழிய அகலமாக்கணும். நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தா, அப்புறம் வழி விட்டாலும் பலம் திரும்பாது" என்கிறார்.

"அப்போ சப்பரம், டாக்டர்?"

"தூக்கக் கூடாது."

"ஆபரேஷனுக்கு அப்புறம்?"

"அப்புறமும்தான்மா."

ஆனால் கவலைப்படாதே. நான் யோசித்துவிட்டேன். ஆபரேஷனை ஈஸ்டருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நானும் அம்மா வழியில் அட்டை மடித்து வைத்துக்கொள்கிறேன். த்ரான்சித்தோ அம்மாள் மறுபடி அளக்கும்போது அவளுக்குக் கண்ணாடி மறந்துபோகும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு தெரு, அவ்வளவுதானே? பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவேன். நீ டிக்கெட்டை மாற்றாதே. உன் பக்கத்தில் நான்தான்.

அத்தானுக்கு என் வணக்கம். அவருக்குத் தெரியாமல் நீ சாப்பிடத் தேன் ஊற்றிய கொண்டைக்கடலை செய்து வைப்பேன். பிள்ளைகளுக்கு என் முத்தம். வியாகுல மாதா உங்கள் எல்லோரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் தங்கை,
நோயெமி

பி.கு.: மேலே உள்ளது அத்தனையும் மேசைமேல் குனிந்து எழுதியது. குனிந்திருந்ததால் வலி இல்லை. அந்தத் தைரியம்தான் எழுதியிருக்கிறது. இப்போது உறை எடுக்க எழுந்தேன். வலது பாதத்தைத் தூக்கினேன் என்றுதான் நினைத்தேன், அது தூக்கவில்லை. விரிப்பில் மாட்டிக்கொண்டது. விழவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சப்பரத்துக்கு அடியில் இப்படி ஆனால், என்னோடு நீயும் விழுவாய்.

நீ வருவது மாதாவுக்காகவா எனக்காகவா என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. உன் பக்கத்தில் நிற்கப்போகிறவள் யாரானாலும் அவளிடம் முகத்தைச் சுளிக்காதே. நாளை காலை டாக்டரைக் கூப்பிட்டு, பெரிய வெள்ளிக்கு முன்பே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லப்போகிறேன். ரிகோவிடம் சொல்லவில்லை. த்ரான்சித்தோவிடம் சொல்லவில்லை. மாதாவிடமும் இன்னும் சொல்லவில்லை.