முத்திரை பெறாத கை

எங்கள் அலுவலகத்தின் வேலை உலகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. உலகம் என்றால் தராசு, படிக்கல், லிட்டர் குவளை, துணிக்கடை மீட்டர் கோல். கடைக்காரர்கள் கொண்டு வருவார்கள். சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் கம்பி கட்டி ஈய முத்திரை அழுத்துவோம். அப்புறம் அதை ஆண்டவனே வந்து திருகினாலும் குற்றம். முத்திரை இல்லாத கருவியால் அளப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

இப்படிப்பட்ட இடத்தில் வாட்டர் கூலர் ஷாக் அடித்தது. எல்லோருக்கும் தெரியும். குழாயைக் கைக்குட்டையால் பிடித்துத் திறந்து, தண்ணீர் குடித்து, நிம்மதியாகத்தான் இருந்தோம். தபால் பிரிவு அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. யாராவது செத்து வைக்கப்போகிறார்கள் என்று எழுத்து மூலமாகப் புகார் கொடுத்துவிட்டார். அதிகாரி தம் வீட்டிலிருந்து பிளாஸ்கில் தண்ணீர் கொண்டுவருபவர். ஆனாலும் நியாயஸ்தர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்று சொல்லி, மின்சாரம் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றுக்கு உத்தரவு போட்டார்.

வந்து சேர்ந்தது. மஞ்சள் நிறம், நடுவில் ஒரு குமிழ், சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். அதிகாரி அதை உறையில் போட்டு இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டதும் அவர் நடையே மாறிவிட்டது. ஒரே வாரத்தில் மற்ற பிரிவுத் தலைவர்களும் சொந்தச் செலவில் ஆளுக்கொன்று வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பிரிக்கத் தெரியாதவர்கள் அட்டைப்பெட்டியோடு மாட்டிக்கொண்டார்கள்.

எந்தக் கருவியானாலும் முதலில் சோதனை, பிறகு முத்திரை என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அதிகாரி ஒரு சதுர பேட்டரியை மேஜையில் வைத்தார். குமிழை டிசி என்ற இடத்துக்கு, அதாவது பேட்டரி மின்சாரத்துக்கு உரிய இடத்துக்குத் திருப்பினார். பேட்டரி மேல் ஒன்பது வோல்ட் என்று எழுதியிருந்தது. மீட்டரும் ஒன்பது என்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சூட்டோடு, குமிழ் இனி அசையாதபடி கம்பி சுற்றி முத்திரை அழுத்தினார். அப்புறம் கூலருக்குப் போய் ஒயர்களை வைத்தார். சுவரிலிருந்து கூலருக்கு வருவது ஏசி மின்சாரம். குமிழ் நிற்பதோ டிசியில். பூஜ்யம் என்று வந்தது.

பெட்டிக்குள் இருந்த கையேட்டை அக்கா ஒருத்தர்தான் படித்திருந்தார்.

"சார், சுவத்து கரண்டுன்னா குமிழை ஏசிக்குத் திருப்பணும்னு இதுல போட்டிருக்கு. முதல்ல கரண்டு இருக்குன்னு நல்லாத் தெரிஞ்ச பிளக்குல வெச்சு மீட்டர் வேலை செய்யுதான்னு பாக்கணும். அப்புறம் கூலர். முடிச்சிட்டு மறுபடியும் அதே பிளக்."

"முத்திரைய உடைக்கச் சொல்றீங்களாம்மா?"

"பூஜ்யம்னா கரண்டு இல்லேன்னுதான் அர்த்தம்னு இல்ல சார். மீட்டர் கண்ணுக்குப் படலேன்னும் இருக்கலாம்."

"சரி, கரண்டு இருக்குன்னு நீங்க எதை வெச்சு அளந்தீங்க?"

"கைய வெச்சுத்தான்."

"அந்தக் கைக்கு முத்திரை இருக்கா?"

சாயங்காலமே அக்காவுக்குக் குற்றச்சாட்டு வந்தது: அலுவலக வளாகத்தில், முத்திரை பெறாத கருவியான தம் வலது கையால் மின்சாரம் அளந்தது. நிரூபணமானால் வேலை போகும். அவர் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அக்கா சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

அக்கா லேசுப்பட்டவர் இல்லை. அப்படியானால் என் கையையும் சோதித்து முத்திரை போடுங்கள் என்று கேட்டுவிட்டார். கருவியோடு வருகிறவரைத் திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை. அதிகாரி அதே பேட்டரியை எடுத்து அக்காவின் விரல்களில் அழுத்தினார். அந்தச் சின்ன பேட்டரி யாருக்கு உறைக்கும்? ஒன்றும் தெரியவில்லை என்று அக்கா உள்ளதைச் சொன்னார்.

மீட்டருக்கு ஒன்பது, கைக்குப் பூஜ்யம். கை பழுது என்று முடிவானது. பழுதான கருவியைப் பறிமுதல் செய்ய வேண்டும். ஆனால் கையைத் தனியாகப் பறிமுதல் செய்யும் முறை பற்றி விதி மௌனம் சாதித்தது. எனவே கருணை அடிப்படையில் கை இருந்த இடத்திலேயே இருக்க அனுமதிக்கப்பட்டது. அலுவலகத்துக்குள் எக்காரணம் கொண்டும் அதை உபயோகிக்கக் கூடாது, மீறினால் மறுபேச்சில்லாமல் பணிநீக்கம் என்று உத்தரவு. அக்கா இடது கையால் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தாகமாகவும் இருந்ததால் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கூலருக்குப் போனேன்.

மறுநாள் தெருக்கோடி மளிகைக்கடைக்காரர் புதுத் தராசு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல வெயில். தராசை மேஜையில் வைத்துவிட்டு நேராகக் கூலருக்குப் போய் வெறுங்கையால் குழாயைப் பிடித்தார். கை ஒட்டிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நாங்கள் அதிகாரியைப் பார்த்தோம். அதிகாரி மீட்டரைப் பார்த்தார். அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கை ஒரே இழுப்பில் பிடுங்கினார். வலது கையால்.

கடைக்காரர் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அதிகாரி ரப்பர் கையுறை மாட்டி, மரப்பலகை மேல் ஏறி நின்று, விரல் கம்பி முனையில் படாமல் ஒயர்களைப் பிடித்து, கூலரை மீண்டும் முறைப்படி அளந்தார். பூஜ்யம். பிளக் தரையில் கிடந்ததால் இந்த முறை மீட்டர் சொன்னது உண்மைதான்.

"அன்னைக்கும் பூஜ்யம், இன்னைக்கும் பூஜ்யம். கருவின்னா இப்படி ஒரே பேச்சா இருக்கணும்" என்றார்.

அங்கேயே விசாரணை நடந்தது. ஆபத்து இருந்தது என்று நிரூபித்தால் அக்கா கையை உபயோகித்தது மன்னிக்கப்படும். சாட்சி அந்தக் கடைக்காரர். அக்காவுக்கு முகத்தில் தெளிவு வந்தது. உயிர் பிழைத்தவன் பொய் சொல்வானா என்று நானும் நினைத்தேன்.

"உங்களுக்கு ஷாக் அடிச்சுதா?" என்று அதிகாரி கேட்டார்.

கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் மேஜை மேல் முத்திரைக்குக் காத்திருந்த தம் தராசைப் பார்த்தார்.

"மீட்டர் சொன்னா சரிதாங்க. எனக்கு வெயில்ல லேசா மயக்கம்."

அன்றைக்கே பணிநீக்க உத்தரவோடு அக்கா வீட்டுக்குப் போனார். தராசுக்குச் சோதனை இல்லாமலே முத்திரை விழுந்தது. அழுத்தியவன் நான்.

எங்கள் வீட்டுக்கும் அந்தக் கடையில்தான் சாமான். நேற்று என் மனைவி சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது ஒரு கிலோ மாதிரியா இருக்கு என்று என் கையில் வைத்தாள். முக்கால் கிலோதான் இருக்கும். சரியான எடை என்று சொல்லி டப்பாவில் கொட்டினேன்.